வால்வு மேல் உட்கார்ந்த மாரியம்மா

தண்ணீர் வராத நாளில் தெருவே என்னைத் திட்டும். வந்த நாளில் ஒருத்தரும் என் பக்கம் திரும்ப மாட்டார்கள். குடத்தைத்தான் பார்ப்பார்கள். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் தண்ணீர் திறந்து விடுகிற வேலை பார்த்தவன் நான். சைக்கிள் பாரில் ஆள் உயர இரும்புச் சாவியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவேன். ரோட்டில் இருக்கிற இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை விட்டு, வால்வைத் திருப்புவேன். தண்ணீர் ஓடும். நேரம் முடிந்ததும் வந்து மூடுவேன். "இப்பத்தானே தொறந்தீங்க, அதுக்குள்ள மூடறீங்க" என்று வாசலில் நின்று சண்டைக்கு வருவார்கள். நானும் விட மாட்டேன். பதிலுக்குக் கத்துவேன்.

நான் வெள்ளகோவில் பக்கம் வறண்ட மேட்டாங்காட்டில் பிறந்தவன். ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இந்த ஊர்க்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் குடிக்கிறோம் என்கிற திமிர் உண்டு. வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் காப்பிக்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்து, "எங்க தண்ணியக் குடிச்சுப் பாருங்க" என்பார்கள். ஏதோ இவர்களே மலையில் போய் ஊற்றுத் தோண்டி எடுத்து வந்த மாதிரி. அதே ஆட்கள் அடுத்த நாள் அந்தத் தண்ணீரில் ஸ்கூட்டர் கழுவுவார்கள். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பகுதியில் பவுண்டரிகள் அதிகம். மோட்டார் பம்புக்கு இரும்பு வார்க்கிற சின்னச் சின்னப் பட்டறைகள். வீடுகளுக்கு நடுவிலேயே இருக்கும். மண் அச்சுகளைத் தரையில் வரிசையாக வைத்திருப்பார்கள். வாரத்தில் சில நாள் உலை பற்ற வைத்து, காய்ந்து உருகின இரும்பை அந்த அச்சுகளில் ஊற்றுவார்கள். அன்றைக்கெல்லாம் காயப்போட்ட துணியில் கரி படிந்து பெண்கள் திட்டுவார்கள். பவுண்டரிக்காரர்களையும் என்னையும் திட்டுகிற வாய் ஒன்றுதான்.

அங்கே ஒரு தெரு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். பள்ளத்தின் கடைசியில் ஒரு பவுண்டரி. மேட்டு முனையில் ஒரு மெயின் குழாய் வால்வு. நான் தினமும் தொடுகிற வால்வுகள் சின்னவை. இது பெரியது. எப்போதும் திறந்தே கிடக்கும். குழாய் உடைந்தால் மட்டும் மூடுவதற்காக வைத்தது. குழாய் உடையவில்லை, அதனால் வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை. யாரும் தொடாத இடத்தை நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா?

எனக்கு முன்னால் அந்தப் பகுதியில் இருந்தவர் ஆயுத பூஜைக்குத் தன் சாவிக்குச் சந்தனம் வைக்கிற கையோடு அந்த வால்வு மூடிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த வருஷம் தெருப் பெண்களும் ஒரு பொட்டு வைத்தார்களாம். அந்தக் கோடையில் எல்லா இடமும் வறண்டும் இந்தத் தெருவுக்கு மட்டும் தண்ணீர் வந்ததாம். போதாதா? ஒரு கல்லை நட்டார்கள். மஞ்சள் துணி சுற்றினார்கள். செங்கல்லில் சின்ன மேடை கட்டினார்கள். மேலே ஒரு தகரம் போட்டார்கள். நான் அந்தப் பகுதிக்கு மாறிப்போனபோது அது தண்ணி மாரியம்மன் கோயில். வருஷத்துக்கு ஒரு நோம்பி, திருவிழா மாதிரி. மைக் செட்டு உண்டு.

கோயிலுக்கு எதிரில் இட்லிக் கடை போட்டிருந்த ஒரு அக்காதான் விளக்கு வைப்பார். என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் வீட்டுக்காரர் பள்ளத்துப் பவுண்டரியில் உலையடியில் வேலை பார்த்தார். அந்தப் பகுதிக்குப் போன முதல் வாரமே நான் அந்த அக்காவிடம் போய் நின்றேன்.

"ஏனுங்கக்கா, இதுக்கடியில மெயின் வால்வு இருக்குது. இது சாமி இல்லீங்க. எடுத்துப் போடுங்க."

இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "தண்ணி குடுக்கறது சாமி இல்லாம பின்ன ஆருங்க தம்பி? நீங்களா?"

"நான்தான். தெனமும் வந்து தொறந்து உடறது நான்தானே."

"அப்ப உங்களுக்கும் பக்கத்துல ஒரு கல்லு நட்டுப்போடலாமுங்க. மஞ்சத் துணி மட்டும் நீங்க கொண்டாந்துருங்க."

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. இந்த ஊரில் அப்படித்தான். மரியாதை குறையாமல் 'ங்க' போட்டு ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள். நான் ஆபீசில் சொன்னேன். சாமி விஷயம், கை வைக்க வேண்டாம், குழாய் உடைந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். உடைந்தால் வந்து பார்க்கப்போவது அவர்கள் இல்லையே. அதன்பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் அந்தக் கல்லை முறைப்பேன். அந்த அக்கா என்னை முறைப்பார். ஆனால் ஒன்று. காலையில் அந்தத் தெருவை முடித்துவிட்டுப் போகும்போது எனக்கு இரண்டு இட்லி இலையில் வந்துவிடும். வேண்டாம் என்றாலும் வரும். சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுவேன்.

உடைகிற நாள் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். அந்தப் பவுண்டரிக்கு அச்சு மண் ஏற்றி வந்த லாரி ஒன்று மேட்டு முனையில் திரும்பியது. வால்வைத் தாண்டிச் சில அடியில் அதன் பின்சக்கரம் ரோட்டுக்குள் இறங்கியது. கீழே பழைய வார்ப்பிரும்புக் குழாய். அது விரிந்து, தண்ணீர் கேபிள் டிவி வயரைத் தொடுகிற உயரத்துக்கு எழும்பியது. நானும் கூட வேலை பார்க்கிற ஆளும் அப்போது பக்கத்துத் தெருவில் ஒரு ஒழுகலைச் சரிபண்ணிக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டு ஓடி வந்தோம். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தெரு அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேட்டாங்காட்டில் பிறந்தவனுக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. அதைவிடப் பெரிய விஷயம் பள்ளத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

கூட இருந்தவரை அவருடைய டிவிஎஸ் 50-இல் டேங்குக்கு அனுப்பினேன். டேங்கு அடியில் இருக்கிற வால்வை மூடலாம். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டும், மூட வேண்டும், வழியில் குழாயில் நிற்கிற தண்ணீரெல்லாம் வடிய வேண்டும். மத்தியானம் தாண்டிவிடும். உடனே நிற்க வேண்டுமென்றால் இந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிற வால்வுதான்.

பவுண்டரி முதலாளி பள்ளத்திலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தார். அவரும் ஒரு காலத்தில் உலையடியில் நின்றவர்தான். சட்டையெல்லாம் கரி.

"ஏனுங்க, சீக்கிரம் நிறுத்துங்க. உலை பத்த வெச்சாச்சு. இரும்பு காஞ்சு நிக்குது."

"உலைய அணைங்க, அவ்வளவுதானே" என்றேன்.

"அது என்ன அடுப்புங்களா, தண்ணி தெளிச்சு அணைக்க? உருகுன இரும்ப வெளிய எடுத்தே ஆகோணும். ஊத்தி முடிச்சு அடியத் தொறந்து மிச்சத்தத் தரையில கொட்டோணும். தரையில ஈரம் இருந்துச்சுன்னா வெடிச்சுருமுங்க. உள்ள நிக்கற ஆளு ஒருத்தரும் தப்ப மாட்டாங்க."

லாரியில் வந்த மண்ணை அவசரமாக இறக்கி, சுமந்து போய்ப் பவுண்டரி வாசலில் அணை போட்டுக்கொண்டிருந்தார்கள். மண் அணை எவ்வளவு நேரம் நிற்கும்? தண்ணீர் பள்ளத்தில் தேங்கி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ஆட்களில் அந்த அக்காவின் வீட்டுக்காரரும் ஒருத்தர்.

நான் கடப்பாறையை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். தெருவில் பாதிப் பேர் எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். நோம்பிக்கு வசூல் பண்ணுகிற, மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருத்தர் மேடையின் மேலேயே கையை வைத்துக்கொண்டார்.

"தம்பி, வெள்ளிக்கெழமையும் அதுவுமா சாமி மேல கடப்பாறைய வெக்காதீங்க. தெருவுக்கு ஆகாதுங்க."

"தெருவுக்கு ஆகறது இருக்கட்டும். அங்க ஆள் சாகப் போறான். தள்ளுங்க."

"நாங்க என்ன ஆள் சாகட்டும்னா சொல்றோம்? வேற வால்வு இல்லீங்களா?"

"இருந்த வால்வு மேலதானே கல்ல நட்டு வெச்சிருக்கீங்க. கெரகம்."

வாய்ச்சண்டை முற்றியது. என்னை ஒருத்தர் தோளில் பிடித்தார். நான் தட்டிவிட்டேன். அப்போது கடையிலிருந்து அந்த அக்கா வந்தார். கையில் இரண்டு செவ்வந்திப் பூ. கொஞ்சம் சந்தனம்.

"சித்தெ இருங்க. பூக் கேட்டுப்போடலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். பெண் பார்க்கிறது, கிணறு வெட்டுகிறது, எதற்கும் பூக் கேட்பார்கள். சாமியின் இரண்டு தோளிலும் சந்தனத்தைத் தொட்டு ஒரு பூ ஒட்டுவார்கள். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் கையை வைக்கக் கூடாது. ஏதாவது ஒன்று விழுகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். சில நேரம் பொழுது சாய்ந்துவிடும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"அக்கா, உங்க ஊட்டுக்காரரு உள்ள உலைகிட்ட நிக்கறாரு. நீங்க பூக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க."

"அதனாலதானுங்க கேக்கறேன்" என்றார்.  நான் கடப்பாறையைத் தரையில் ஊன்றிக்கொண்டேன்.

பூக்களை ஒட்டினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். எல்லாரும் கும்பிட்டார்கள். தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் மட்டும்தான். இரண்டு பூவும் ஆணி அடித்த மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. இந்த அக்காவுக்குச் சந்தனம் அரைக்கிற கை நல்ல கை போல. பள்ளத்திலிருந்து முதலாளி கத்தினார். "ஏனுங்க, மண்ணு கரையுதுங்க." நான் கல்லைப் பார்த்தேன். பூவைப் பார்த்தேன். மறுபடியும் பூவைப் பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் பூவைப் பார்ப்பது? பொறுக்க முடியாமல் கையில் இருந்த கடப்பாறையை மேடையின் மேல் ஓங்கிக் குத்தினேன்.

வலப்பக்கப் பூ விழுந்தது.

தெரு மொத்தமும் குனிந்து பூவைப் பார்த்தது. பிறகு பெரியவர் தொண்டையைச் செருமினார். "அது இவரு கடப்பாறை அதிர்ச்சில..."

அந்த அக்கா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கடப்பாறையும் அவளோடதுதானுங்க" என்றார். "உத்தரவு ஆயிருச்சு. தூக்குங்க."

அந்த அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், பூ ஏன் விழுந்தது என்று. நான் குத்தியது அவர் கண்ணெதிரில்தான். ஆனாலும் அப்படிச் சொன்னார்.  பெரியவரே முதலில் குனிந்து கல்லை அசைத்தார். அந்த அக்கா முந்தானையில் ஏந்தி வாங்கிக்கொண்டு போய், கடைக்குள் அரிசி மூட்டை மேல் சாய்த்து வைத்தார். ஆறேழு பேர் கை கொடுத்தார்கள். என்னைத் தோளில் பிடித்தவரும் செங்கல் பெயர்த்தார். மேடை போய், மூடி தெரிந்தது. மூடியைக் கடப்பாறையால் நெம்பினோம்.

இதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம். வருடக்கணக்கில் தொடாத வால்வு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சாவியில் இரண்டு பக்கமும் ஆள் தொங்கினாலும் அசையாது. வேகமாகத் திருப்பினால் சாவி மாட்டுகிற தண்டு முறிந்துவிடும். தண்டு முறிந்தால் முடிந்தது கதை. தெருக்காரர்களிடம் நான் இதைச் சொல்லவில்லை. சாவியை விட்டேன். இரண்டு பேர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மொத்த பலத்தையும் போட்டு இழுத்தோம்.

சாவி சுலபமாகச் சுற்றியது. போட்ட பலத்துக்கு நான் நிலை தடுமாறிக் குழிக்குள் மண்டி போட்டு விழுந்தேன்.

கையை ஊன்றிய இடமெல்லாம் வழவழப்பு. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய். விளக்கெண்ணெய். இன்னும் என்னென்னவோ. வெள்ளிக்கிழமைதோறும் கல்லுக்கு எண்ணெய்க் காப்பு என்று அந்த அக்கா ஊற்றினதெல்லாம் மூடியின் ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, வால்வின் தண்டில் கெட்டியாகப் படிந்து நின்றது. துருவின் அடையாளமே இல்லை. எங்கள் பகுதியில் இருந்த அத்தனை வால்வுக்கும் சேர்த்து நாங்கள் வருஷம் பூராவும் போடுகிற கிரீஸ் அந்த ஒரு வால்வில் இருந்த எண்ணெய்க்கு ஈடாகாது. குழிக்குள் மண்டி போட்டபடி எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எழுந்து திருப்பினேன். திருப்பத் திருப்பத் தண்ணீர் வயர் உயரத்திலிருந்து ஆள் உயரத்துக்கு இறங்கி, முழங்காலுக்கு இறங்கி, ரோட்டில் ஒரு குமிழியாகி நின்றது.

பள்ளத்துக்கு ஓடினேன். அந்த அக்கா எனக்கு முன்னால் ஓடினார். மண் அணை பாதி கரைந்து, தண்ணீர் வாசல்படியைத் தொட்டிருந்தது. உள்ளே தரை காய்ந்து கிடந்தது. நாங்கள் வெளியிலிருந்து பார்த்தோம். உலையிலிருந்து இரும்பு சூரியன் மாதிரி வழிந்தது. அதைப் பெரிய கரண்டிச் சட்டியில் வாங்கி, இரண்டு இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு நடந்து அச்சுகளில் ஊற்றினார்கள். யாரும் ஓடவில்லை. அந்த அக்கா தன் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கால் வைக்கிற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உலையின் அடியைத் திறந்தார்கள். மிச்ச நெருப்பெல்லாம் தொப்பென்று தரையில் விழுந்து சிவந்து கிடந்தது. சிவந்து கிடந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. அந்த அக்கா அப்படியே ஈர ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வெளியே வந்தார்கள். பல்லும் கண்ணும் தவிர எல்லாம் கரி. அக்காவின் வீட்டுக்காரர் வழக்கம் போலக் கை கால் கழுவத் தெருக்குழாய்க்குப் போய்த் திருகிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"ஏனுங்க, தண்ணி எப்ப வரும்?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்க உசுரோட வந்ததே பெருசு. தண்ணி கேக்கறீங்க. குழாய் மாத்தி முடிச்சு நாளைக்கு நாளானைக்குத்தான்."

"அதுவரைக்கும் இப்புடியே திரிஞ்சா பொண்டாட்டி ஊட்டுக்குள்ள உட மாட்டாளுங்க."

மேட்டிலிருந்து நோம்பிப் பெரியவர் தோளில் ஒரு குடம் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அவர் வீட்டில் குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீர். பின்னாலேயே இன்னொரு வீட்டிலிருந்து ஒரு குடம். பிறகு ஒன்று. ஒரு குடத்துக்காக ஒருத்தர் தலைமயிரை ஒருத்தர் பிடிக்கிற தெரு அது. அடுத்த தண்ணீர் எப்போது என்று நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டிருந்தது. தெரிந்துதான் கொண்டு வந்தார்கள். பவுண்டரி ஆட்கள் தெரு நடுவில் உட்கார்ந்து தலையில் ஊற்றிக்கொண்டார்கள்.

"சிறுவாணித் தண்ணில குளிக்கறது கண்ணாலத்துக்கப்பறம் இப்பத்தானுங்க" என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

"கண்ணாலத்தன்னைக்கு நீங்க எங்க குளிச்சீங்க" என்றார் அந்த அக்கா. தெருவே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே தன் கடையிலிருந்த தவலையைத் தூக்கி வந்து அவர் தலையில் கவிழ்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முழங்கை வரைக்கும் எண்ணெயும் சேறுமாக நின்றேன். "கையை நீட்டுங்க தம்பி. அது வெறுந்தண்ணிக்குப் போகாதுங்க" என்று சீயக்காய்த் தூளைக் கொட்டி, மிச்சத் தண்ணீரை என் கையில் ஊற்றினார்.

"கல்ல எங்கீங்க வெக்கறது இனி?" என்று கேட்டார்.

"வால்வு மேல வேண்டாம். பக்கத்துல வெச்சுக்கங்க."

"அப்ப வால்வுக்கு எண்ணெய் ஆரு ஊத்துவாங்க?"

"நீங்களே ஊத்துங்கக்கா. மூடியத் தூக்கிட்டு ஊத்துங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவருக்கு நான் சொன்ன மரியாதையான பேச்சு அதுதான். நன்றி என்கிற வார்த்தை என் வாயில் வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கை காய்ந்த பிறகுதான் கவனித்தேன். அந்த அக்கா காலித் தவலையை வைத்துக்கொண்டு கடைக்குள் நின்றார். அடுத்த நாள் இட்லிக்கு அரிசி ஊறப்போட வேண்டிய தண்ணீர் அது.   கடையிலிருந்த இரண்டு குடத்தை எடுத்து, கயிற்றில் கோத்துச் சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் கட்டினேன். பள்ளத்தைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு மெயின். அங்கே அன்றைக்குத் தண்ணீர் விடுகிற முறை இல்லை. வால்வைத் திறந்து அங்கிருந்த தெருக்குழாயில் இரண்டு குடமும் நிரப்பினேன். எதற்கு இப்போது திறக்கிறாய் என்று யாராவது சண்டைக்கு வருவார்களா என்று பார்த்தேன். வரவில்லை. மூடிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினேன். கடை வாசலில் இறக்கி வைத்தேன். அரிசி மூட்டை மேல் மாரியம்மா சாய்ந்தபடி இருந்தாள்.

"சிந்தாம கொண்டாந்துட்டீங்களே" என்றார் அந்த அக்கா.

நான் தலையை ஆட்டிவிட்டுக் குழாய் உடைந்த இடத்தைத் தோண்டப் போனேன்.